மூணு மாசக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

கோலாலம்பூர்ல பொதுப் பூங்காவுல காண்டோ கட்டக் கொடுத்த அனுமதியைப் பக்கத்துல குடியிருக்கிறவங்க கோர்ட்ல தோற்கடிச்ச தாமான் ரிம்பா கியாரா வழக்கைப் பத்தி போன இதழ்ல நாலு வரிதான் எழுதினேன், அதுக்கு வந்த லெட்டரும் வாட்ஸ்அப்பும் இந்த மாசம் பூரா படிச்சும் தீரல. முக்காவாசி ஒரே விஷயம். எங்க வீட்டுப் பக்கத்துல இருந்த பாசாரை (சந்தையை) வேற இடத்துக்கு மாத்தப் போறாங்க, கிளினிக்கை மாத்தப் போறாங்க, லைப்ரரியை மாத்தப் போறாங்க, தடுக்க வழி இருக்கான்னு. நான் லோயர் இல்ல, லோயர் ஒப்பிஸ்ல முப்பத்தோரு வருஷம் கிளார்க்கா இருந்தவன். ஃபைல் தூக்கிக்கிட்டு ஜாலான் டூத்தா கோர்ட்டுக்கு எத்தனை தடவை போயிருப்பேன்னு கணக்கே இல்ல. உங்க கேஸுக்கு லோயரைக் கண்டிப்பா பாக்கணும், அவரைப் பாக்கப் போறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்க வேண்டியதை மட்டும் நான் சொல்றேன்.

கேள்வி: அண்ணே, எங்க தாமான் (குடியிருப்புப் பகுதி) பாசார் நான் பொறக்கிறதுக்கு முன்னாடியிலிருந்தே இருக்கு. இப்ப அதை மூடிட்டு நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு புதுக் கட்டடத்துக்கு மாத்தப் போறதா நோட்டிஸ் ஒட்டியிருக்காங்க. எங்கம்மாவுக்கு 74 வயசு, நடந்து போய் மீன் வாங்கிட்டு வருவாங்க, இனிமே கிராப் புக் பண்ணித்தான் போகணும். எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. 600 பேர் சைன் வாங்கி கொடுத்தாச்சு, ஒய்பியையும் (தொகுதி மக்கள் பிரதிநிதி) பாத்தாச்சு, பதில் வரும் வரும்னு காத்திருக்கோம். வழக்கு போட முடியுமா?
வாசகி, கோலாலம்பூர்

பதில்: போட முடியும்மா. ஆனா நீங்க எல்லாம் எழுதியிருக்கீங்க, நோட்டிஸ் என்னைக்கு ஒட்டினாங்கங்கிற தேதியை மட்டும் எழுதல. எனக்கு முதல்ல வேண்டியது அதுதான்.

அரசாங்கமோ நகர மன்றமோ எடுத்த ஒரு முடிவை எதிர்த்துப் போடுற வழக்குக்கு நீதிப் பரிசீலனைன்னு பேரு, லோயருங்க ஜேஆர்னு சொல்லுவாங்க. 2012 கோர்ட் விதிகள்ல 53ஆவது ஆர்டர்ல அது இருக்கு. தாமதிக்காம போடணும், எப்படிப் பாத்தாலும் அந்த முடிவு உங்களுக்கு முதல்ல தெரிவிக்கப்பட்ட நாள்லேருந்து மூணு மாசத்துக்குள்ள போட்டாகணும். முன்னாடி இருந்த விதியில வெறும் 40 நாள்தான், இப்ப மூணு மாசமாச்சும் கிடைச்சிருக்கு. நல்ல காரணம் இருந்தா கோர்ட் தேதியை நீட்டிக் கொடுக்கலாம், ஆனா 'பதிலுக்குக் காத்திருந்தோம்'ங்கிறது பெரும்பாலும் நல்ல காரணமா நிக்காது. நீங்க லெட்டர் போட்டா கடிகாரம் நிக்காதும்மா, ஒய்பியைப் பாத்தாலும் நிக்காது, பெட்டிஷன் கொடுத்தாலும் நிக்காது.

இதை நான் இவ்ளோ அழுத்திச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு கிளினிக்கை மாத்துறாங்கன்னு ஒரு தாமான் கமிட்டி எங்க ஒப்பிஸுக்கு வந்தாங்க. அஞ்சாறு பேரு, எல்லாரும் ரிட்டயர் ஆனவங்க, ஒரு நீலக் கலர் பிளாஸ்டிக் ஃபைல் கொண்டு வந்தாங்க, எவ்ளோ சுத்தமா வச்சிருந்தாங்க தெரியுமா, ஒவ்வொரு லெட்டருக்கும் ஒரு பிளாஸ்டிக் கவரு, மேல மஞ்சள் ஸ்டிக்கர்ல நம்பரு. பதினொரு லெட்டர் இவங்க எழுதினது, நாலு லெட்டர் அங்கிருந்து வந்த பதில், நாலுலயும் ஒரே விஷயம்தான், உங்க கோரிக்கை பரிசீலனையில இருக்குன்னு. அந்தக் கமிட்டித் தலைவர் பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தவரு, அந்த நாலையும் மேஜையில விரிச்சு வச்சு 'பாருங்க, இவங்க இன்னும் முடிவே பண்ணல'ன்னு நம்பிக்கையா சொன்னாரு. எங்க லோயர் எதுவும் பேசாம முதல் நோட்டிஸை எடுத்து என்கிட்ட நீட்டினாரு, நான் சுவத்துல இருந்த காலண்டரை எடுத்து ஒவ்வொரு நாளா விரலை வச்சு எண்ணினேன். அப்ப 40 நாள் விதி. நான் எண்பத்தெட்டுல நின்னேன். அந்த வாத்தியார் என் விரலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நியாயம் அவங்க பக்கம்தான் இருந்துச்சு, அன்னைக்கும் அதுல எனக்குச் சந்தேகம் இல்ல, இன்னைக்கும் இல்ல. ஆனா கோர்ட் கதவு சாத்தி நாப்பத்தெட்டு நாள் ஆயிருந்துச்சு. அந்த நாலு பதில் லெட்டரை நம்பித்தான் அவங்க அவ்ளோ நாளை விட்டாங்க.

அதனால இப்பவே நோட்டிஸ் ஒட்டின இடத்தை போன்ல படம் எடுத்து வைங்க, தேதி தெரியுற மாதிரி. கிழிச்சிட்டுப் போயிட்டாங்கன்னா தாமான் வாட்ஸ்அப் குரூப்ல யாராச்சும் அன்னைக்கே படம் போட்டிருப்பாங்க, மேல தள்ளித் தேடுங்க.

அடுத்தது, எந்த முடிவை எதிர்க்கிறீங்க? பாசாரை மாத்துறாங்கன்னு நாம ஒரே விஷயமா பேசுறோம், காகிதத்துல அது ரெண்டு மூணா இருக்கும். கடைக்காரங்க லைசன்ஸை நிறுத்துறது ஒண்ணு. பழைய பாசார் நிலத்துல வேற ஏதோ கட்ட டெவலப்மெண்ட் ஆர்டர் (மேம்பாட்டு அனுமதி) கொடுக்கிறது இன்னொண்ணு. புது இடத்துல கட்டடம் கட்ட அனுமதி கொடுக்கிறது வேற. ஒவ்வொண்ணுக்கும் தேதி தனி, பாதிக்கப்படுற ஆளும் தனி. பல சமயம் பாசார் போகுதேன்னு ஜனங்க அழுதுக்கிட்டு இருக்கும்போது அந்தக் காலி நிலத்துல என்ன வரப் போகுதுன்னு யாரும் கேக்கிறதில்ல, அதுலதான் சில நேரம் விஷயமே இருக்கும்.

யார் பேருல போடுறதுன்னும் யோசிக்கணும். அந்த முடிவால பாதிக்கப்பட்டவங்க யாரும் போடலாம்னுதான் விதி சொல்லுது. இந்த அளவுக்கு வர்றதுக்கே ரொம்ப வருஷம் ஆச்சு. 1988ல வட தெற்கு நெடுஞ்சாலை காண்ட்ராக்ட்டை எதிர்த்து அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் போட்ட வழக்குல, உங்களுக்கு வழக்கு போட உரிமையே இல்லன்னு உச்ச நீதிமன்றம் மூணுக்கு ரெண்டுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் பல வருஷம் பொது விஷயத்துக்காக கோர்ட்டுக்குப் போறவங்களை அந்தத் தீர்ப்பைக் காட்டியே வாசல்ல நிறுத்தினாங்க. 2014ல எம்டியுசி தொழிற்சங்கக் காங்கிரஸ் போட்ட தண்ணி ஒப்பந்த வழக்குல கூட்டரசு நீதிமன்றம் (பழைய உச்ச நீதிமன்றத்தோட இப்போதைய பேரு) அதைத் தளர்த்துச்சு, விஷயத்துல உண்மையான அக்கறை உள்ளவங்கன்னு காட்டினா போதும்னு. உங்க கேஸ்ல பாசார் கடைக்காரங்களுக்குத்தான் பலம் அதிகம், லைசன்ஸ் கையில இருக்கு, பொழப்பு போகுது. பக்கத்துல குடியிருக்கிறவங்க அவங்களோட சேர்ந்து நில்லுங்க. 600 சைன் நல்லதுதான், ஆனா கோர்ட்டுக்குத் தேவை பேரும் ஐசி நம்பரும் கொடுத்து அஃபிடவிட்ல (சத்தியப் பிரமாணக் காகிதம்) கையெழுத்துப் போட நாலு பேரு. அந்த நாலு பேரு கிடைக்கிறது 600 சைன் வாங்கறதை விடக் கஷ்டம், அனுபவத்துல சொல்றேன்.

கோர்ட் என்ன கேக்கும்னு தெரிஞ்சுக்கங்க. பாசார் இங்க இருக்கிறது நல்லதா அங்க இருக்கிறது நல்லதான்னு ஜட்ஜ் கேக்க மாட்டாரு. அதிகாரம் உள்ளவங்கதான் முடிவு எடுத்தாங்களா, எடுத்த விதம் சட்டப்படி சரியா, கேக்க வேண்டியவங்களைக் கேட்டாங்களா, காரணம் சொல்ல வேண்டிய இடத்துல சொன்னாங்களா, பாக்கக்கூடாததைப் பாத்து முடிவு பண்ணாங்களா, இதைத்தான் பாப்பாரு. 'எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல'ன்னு எழுதினீங்களே, அதுதான் உங்க லெட்டர்லயே கனமான வரி. அம்மா நடந்து போறது என் மனசைத் தொட்டுச்சு, ஜட்ஜ் மனசையும் தொடலாம், ஆனா தீர்ப்பு அந்த இன்னொரு வரியிலதான் நிக்கும். முன்னாடி எப்பவாச்சும் 'உங்களைக் கலந்து பேசாம மாத்த மாட்டோம்'னு எழுத்துல கொடுத்திருந்தா அதைத் தேடி எடுங்க.

இன்னும் ரெண்டு விஷயம். முதல்ல வழக்கை நடத்த கோர்ட்கிட்ட அனுமதி வாங்கணும், அதுக்கு லீவ்னு சொல்லுவாங்க, அது கிடைச்சாத்தான் முழு விசாரணை. அனுமதி கிடைச்சிட்டாலே வேலை நின்னுடும்னு நினைக்காதீங்க, அதை நிறுத்தி வைக்க தனியா உத்தரவு கேக்கணும், கேக்காம விட்டு ஒரு பக்கம் கேஸ் நடக்க இன்னொரு பக்கம் கட்டடத்தை இடிச்ச கதை உண்டு. தோத்தா எதிர்த் தரப்புச் செலவையும் உங்களைக் கட்டச் சொல்லலாம். அதனால எவ்ளோ வரும், யார் யார் பங்கு எவ்ளோன்னு முதல் கூட்டத்துலயே பேசிடுங்க, வெக்கப்படாதீங்க, காசு பேசாம ஆரம்பிச்ச கமிட்டி பாதியில உடைஞ்சு நான் பாத்திருக்கேன்.

கேள்வி: ரிம்பா கியாராவுல ஜெயிச்சாங்கன்னு சந்தோஷமா எழுதியிருக்கீங்க. அந்தத் திட்டத்துலதான் புக்கிட் கியாரா தோட்டத்து நம்ம ஜனங்களுக்கு வீடு கட்டறதா இருந்துச்சு. பணக்காரத் தாமான்காரங்க பார்க்கைக் காப்பாத்திக்கிட்டாங்க, நம்ம ஆளுங்க லயத்துலயே கிடக்கிறாங்க. இதுல என்ன சந்தோஷம்?
வாசகர், பெட்டாலிங் ஜெயா

பதில்: ஐயா, நீங்க கேட்டது நியாயமான கேள்வி, போன தடவை நாலு வரியில முடிச்சது என் தப்பு.

புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்துல வேலை செஞ்ச குடும்பங்க அவங்க. நிலத்தை எடுத்தப்புறம் 1980களோட ஆரம்பத்துல தற்காலிகம்னு சொல்லி அந்த நீள வீட்டுக்கு (நீங்க சொன்ன லயம்) அனுப்பினாங்க, நிரந்தர வீடு வரும்னாங்க. தற்காலிகம்னு சொன்னது நாப்பது வருஷத்தைத் தாண்டிடுச்சு. அங்க பொறந்த பிள்ளைக்குப் பிள்ளை பொறந்தாச்சு. அவங்க கோவத்துல ஒரு துளிகூட தப்பில்ல.

ஆனா திட்டத்தைப் பாருங்க. 2017ல அனுமதி கொடுத்தது அவங்க வீட்டுக்கு மட்டும் இல்ல. கட்டுப்படியான விலை வீடுங்க உள்ள ஒரு பிளாக், அதோட 42 மாடியிலேருந்து 54 மாடி வரைக்கும் எட்டு காண்டோ பிளாக், எல்லாம் பொதுப் பூங்கான்னு கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டத்துல (நகரத்துல எந்த இடம் எதுக்குன்னு சொல்ற ஆவணம்) குறிச்சிருந்த இடத்துல. நம்ம நூறு குடும்பத்துக்கு வீடு கொடுக்க எட்டு காண்டோ கோபுரம் எதுக்கு வேணும்? வழக்கு போட்ட பக்கத்துத் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் ஜனங்களும் லயத்து ஆளுங்களுக்கு வீடு கொடுக்காதீங்கன்னு சொல்லல, லயம் இருக்கிற இடத்துலயே வீடு கட்டிக் கொடுங்கன்னு கேட்டவங்க அந்தத் தாமான்காரங்கள்ல இருந்தாங்க.

2017 ஜூலையில அனுமதி, ஆகஸ்ட்லயே வழக்கு போட்டாங்க. அந்த வேகத்தைப் பாருங்க, மேல சொன்ன மூணு மாசத்துல ஒரு மாசம்கூட முழுசா எடுத்துக்கல. 2018 நவம்பர்ல உயர் நீதிமன்றத்துல தோத்தாங்க, 2021 ஜனவரியில மேல்முறையீட்டுல ஜெயிச்சாங்க, 2023 ஏப்ரல் 18ல கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி பண்ணுச்சு, தீர்ப்பு சொன்னவங்க நீதிபதி நளினி பத்மநாதன். கட்டமைப்புத் திட்டத்துல ஒண்ணு சொல்லிட்டு டத்தோ பண்டார் (நகர மேயர்) அதுக்கு மாறா அனுமதி கொடுத்தா காரணம் சொல்லியாகணும், பாதிக்கப்படுறவங்களைக் கேக்கணும்னு அந்தத் தீர்ப்பு சொல்லுது. நிலத்துக்குச் சொந்தமான அறவாரியத்துல டத்தோ பண்டாரும் ஒரு பொறுப்புல இருந்தாரு, அனுமதி கொடுத்தவரும் அவரு, அதையும் கோர்ட் தப்புன்னு சொல்லுச்சு.

இந்தத் தீர்ப்பு பணக்காரத் தாமானுக்கு மட்டும் எழுதினது இல்ல ஐயா. நாளைக்கு உங்க பிளாட்டுக்குப் பக்கத்துல இருக்கிற பந்து விளையாடுற திடல் போகுதுன்னா, கோயிலுக்குப் பின்னாடி இருக்கிற சமூக மண்டபம் போகுதுன்னா, இதே தீர்ப்பைத் தூக்கிக்கிட்டு நீங்களும் போகலாம். எனக்கு ஒரு வருத்தம்தான் உண்டு, அந்த நீள வீட்டு ஜனங்களுக்கு முதல் வாக்கு கொடுத்த அன்னைக்கே அதை எழுத்துல வாங்கி வச்சு பின்னாடி நிக்க அவங்களுக்கு ஒரு லோயர் இல்லையேன்னு. சங்கமும் கோயிலும் இருந்துச்சு, ஃபைல் வச்சு நடத்த ஆள் இல்ல.

கேள்வி: நாங்க பினாங்குத் தீவுல இருக்கோம். எங்க பக்கத்துக் காலி நிலத்துக்கு வேற இடத்துலேருந்து ஒரு பொது வசதியை மாத்திக் கொண்டு வரப் போறதா பேச்சு. இன்னும் எதுவும் கையில வரல. கோலாலம்பூருக்குச் சொல்றதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?
வாசகர், பினாங்கு

பதில்: மூணு மாசக் கணக்கு நாடு பூரா ஒண்ணுதான். திட்டச் சட்டம் வேற. கோலாலம்பூருக்குத் தனியா 1982 சட்டம், உங்களுக்கு 1976 நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், 172ஆம் சட்டம்னு எல்லாரும் சொல்றது.

அந்த இடத்துக்கு உள்ளூர்த் திட்டம் (எந்த நிலத்துல என்ன கட்டலாம்னு விவரமா சொல்ற ஆவணம்) அமல்ல இல்லன்னா, அனுமதி கேட்டு மனு வரும்போது பக்கத்து நிலச் சொந்தக்காரங்களுக்கு நோட்டிஸ் கொடுக்கணும். பக்கத்து நிலம்னா ஒட்டி இருக்கிறது, அப்புறம் 20 மீட்டருக்கு மேல போகாத ரோடோ சந்தோ கால்வாயோ நடுவுல இருந்தா அதுக்கு அந்தப் பக்கம், முட்டுச் சந்துன்னா 200 மீட்டர் வரைக்கும். நோட்டிஸ் கைக்கு வந்து 21 நாள்ல எழுத்துல ஆட்சேபம் கொடுக்கணும். கொடுத்தவங்களுக்குத்தான் அப்புறம் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போற உரிமை, அதுவும் முடிவு தெரிஞ்சு ஒரு மாசத்துக்குள்ள. 'அவர் கொடுத்தாரு, நான் எதுக்கு'ன்னு இருந்துடாதீங்க, வீட்டுக்கு வீடு தனித்தனியா கொடுங்க. வாடகைக்கு இருந்தா வீட்டுச் சொந்தக்காரருக்கு இன்னைக்கே போன் பண்ணுங்க, நோட்டிஸ் அவர் பேருக்குத்தான் போகும், அவர் சிங்கப்பூர்ல இருந்தார்னா 21 நாள் தபால் பெட்டியிலயே கழிஞ்சிடும்.

உங்களுக்கு எங்ககிட்ட இல்லாத ஒரு கருவி இருக்கு. பினாங்குல 2010 தகவல் சுதந்திரச் சட்டம் 2015 ஜனவரியிலேருந்து நடப்புல இருக்கு. ஃபாரம் எழுதிக் கட்டணம் கட்டி, அந்த நிலத்தைப் பத்தி என்ன காகிதம் இருக்குன்னு கேளுங்க. கோலாலம்பூர்ல இப்படி ஒரு சட்டம் இல்ல. பேச்சா இருக்கும்போதே கேளுங்க, நோட்டிஸ் வந்தப்புறம் கேட்டா பதில் வர்றதுக்குள்ள நாள் போயிடும்.

உங்க ஊர்ல 'சியா போய்'ங்கிற பாசாரை 2004ல மெக்காலம் பக்கம் மாத்தினாங்க, பழைய இடம் வேலி போட்டு வருஷக்கணக்கா சும்மா கிடந்துச்சு, 2019லதான் பூங்காவா திறந்தாங்க. மாத்தறதுக்கு இருக்கிற அவசரம் மாத்தினப்புறம் இருக்கிறதில்ல. அதனால புது இடத்தைக் கேக்கும்போது பழைய இடம் என்ன ஆகும்னும் சேர்த்துக் கேளுங்க.

கேள்வி: தெருவுல தூங்குறவங்களுக்குச் சோறு போட்டு தங்க வைக்கிற ஒரு இடத்தை எங்க கடை வரிசைப் பக்கம் மாத்தப் போறாங்களாம். வியாபாரம் கெடும், பொம்பளப் பிள்ளைங்க நடக்க பயப்படும். மத்தவங்க மாதிரி நாங்களும் வழக்கு போடலாம்தானே?
கடைக்காரர், கோலாலம்பூர்

பதில்: போடலாம் ஐயா. சட்டம் உங்களுக்கு ஒண்ணு, பாசாருக்காகக் கேட்ட தங்கச்சிக்கு ஒண்ணுன்னு இல்ல. உங்களைக் கேட்டாங்களா, அந்தக் கட்டடத்தை அந்த உபயோகத்துக்கு மாத்த அனுமதி இருக்கா, இதெல்லாம் நீங்களும் கேக்கலாம்.

ஆனா உங்ககிட்ட மனசு விட்டுப் பேசணும். 2014ல இதே கோலாலம்பூர்ல தெருவுல சோறு போடுறவங்களை நகர மையத்துலேருந்து 2 கிலோமீட்டர் தள்ளிப் போகச் சொல்லி அப்போதைய அமைச்சர் அறிவிச்சாரு, ஞாபகம் இருக்கும். அப்ப ஊரே எதிர்த்துச்சு. தள்ளிப் போன்னு சொன்னா அந்த மனுஷன் எங்க போவான்? அடுத்த கடை வரிசைக்கு. அங்கயும் உங்களை மாதிரி ஒரு கடைக்காரர் எனக்கு இதே லெட்டரை எழுதுவாரு. சோத்து வரிசையில நிக்கிறவங்கள்ல நம்ம ஆளுங்களும் இருக்காங்க ஐயா, தோட்டத்தை விட்டு வந்து செக்யூரிட்டி வேலை பாத்து, வேலை போய், வாடகை கட்ட முடியாம வந்தவங்க. நான் பேசியிருக்கேன், ஒருத்தர் என் சின்னப் பிள்ளை காலத்துத் தோட்டத்துக்காரர்.

அதனால என் யோசனை, வழக்குக்கு முன்னாடி நேர்ல உக்காருங்க. கேட் எந்தப் பக்கம், வரிசை எங்க நிக்கும், எத்தனை மணிக்கு சோறு, குப்பை யார் எடுப்பாங்க, ராத்திரி காவல் யாரு, ஒரு பிரச்சினைன்னா எந்த நம்பருக்குக் கூப்பிடணும், இதை எழுத்துல வாங்குங்க. உங்க பயத்துல பாதி அந்தக் காகிதத்துலயே தீர்ந்துடும். பேசவே மறுத்தாங்கன்னா அப்ப கோர்ட் இருக்கு, அதுவும் அந்த மூணு மாசத்துக்குள்ள. ஆனா அஃபிடவிட்ல 'இந்த மாதிரி ஆளுங்க வரக்கூடாது'ன்னு மட்டும் எழுதிடாதீங்க. எடுத்த விதம் தப்புன்னா அதை எழுதுங்க, மனுஷங்களை எழுதாதீங்க.

கேள்வி: ருக்குன் தெத்தாங்கா பேருல வழக்கு போடலாமா?
வாசகர், செந்தூல்

பதில்: வேணாம். அது அக்கம்பக்கக் காவலுக்கு அரசாங்கம் வச்ச ஏற்பாடு. குடியிருப்பாளர் சங்கம்னா சங்கப் பதிவுத் துறையில பதிவு இருக்கான்னு பாருங்க, இருந்தாலும் கூடவே குடியிருக்கிறவங்க சில பேர் தனிப்பட்ட முறையில பேர் கொடுக்கணும். பதிவு பண்ண இப்பதான் ஃபாரம் போட்டிருக்கோம்னா அதுக்காகக் காத்திருக்காதீங்க.

கேள்வி: இதுக்கெல்லாம் ஏன் கோர்ட்டு? அடுத்த தேர்தல்ல காட்டுவோம்.
வாசகர், கெப்போங்

பதில்: எந்தத் தேர்தல்ல ஐயா? ஒய்பிக்குத்தான் நாம ஓட்டுப் போடுறோம், டத்தோ பண்டாருக்கும் நகர மன்ற உறுப்பினருக்கும் இல்ல. நகராட்சித் தேர்தல்னு ஒண்ணு இருந்துச்சு, 1951ல ஜார்ஜ் டவுன்ல நடந்துச்சு. 1965ல நிறுத்தினாங்க, 1976 உள்ளூராட்சிச் சட்டத்துல எடுத்தே விட்டாங்க. எங்கப்பா ஓட்டுப் போட்டிருக்காரு, நான் போட்டதே இல்ல, என் பிள்ளைங்களும் போடல. பாசாரை எங்க வைக்கிறதுன்னு முடிவு பண்றவரை நாம ஓட்டுப் போட்டு மாத்த முடியாத வரைக்கும், அவர் ஏன் அப்படி முடிவு பண்ணாருன்னு கேக்க நமக்கு இருக்கிற இடம் ஜாலான் டூத்தாதான்.

பாசார் விஷயம் எழுதின தங்கச்சி, நோட்டிஸ் தேதியோட எனக்கு மறுபடி ஒரு மெசேஜ் போடுங்க, அடுத்த இதழ் வரைக்கும் காத்திருக்க வேணாம்.